நாச்சிமுத்துவின் காருக்கு நான் செய்த நன்மை

மேலே வேண்டாம் ஐயா, மேலே வேண்டாம். உதவ எழுந்தீர்கள், நன்றி. ஆனால் இந்தப் பெட்டி என் மடியில்தான் வரவேண்டும். பொள்ளாச்சியிலிருந்து கோவை உக்கடம் போவதற்குள் இந்தப் பேருந்தின் ஓட்டுநர் எத்தனை முறை பிரேக்கை மிதிப்பார் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவேன். முப்பத்தோர் ஆண்டுகள் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன். திருவேங்கடம் என்று பெயர். மக்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்பார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை. பிரேக்கை மட்டுமா பார்த்தேன்? விளக்கு, ஹாரன், டயர், ஓட்டுநரின் கண்பார்வை, நேரமிருந்தால் அவனுடைய மனசாட்சி, எல்லாவற்றையும் பார்த்தேன்.

பெட்டியில் இருப்பது கார். சிரிக்காதீர்கள், கார்தான். அசல் காரின் நீளத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். ஒவ்வொரு துண்டையும் வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசிக் காராக்க வேண்டும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளிநாடுகளில் விற்ற பெட்டிகளுக்கு எங்களைப் போன்றவர்களிடம் இன்று பெருமதிப்பு. அவற்றைக் கட்டுவதும், அந்தக் காலத்தில் எவரோ கட்டிக் கெடுத்தவற்றைப் பிரித்து மீட்பதும் என் ஓய்வுக்காலப் பணி. பொழுதுபோக்கு என்று என் மனைவி சொல்வாள். நீங்கள் சொல்லாதீர்கள்.

கோவையில் எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பதினான்கு பேர். பல் மருத்துவர் ஹபீபுல்லாவின் மருத்துவமனை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். பல்லைக் குடையும் ஊசிகள்தான் எங்களுக்கும் கருவி என்பதால் இடம் பொருத்தம். ஆண்டுதோறும் நடக்கும் போட்டிக்கு நான்தான் நடுவர். ஒன்பது ஆண்டுகளில் ஒருவருக்கும் முதல் பரிசு வழங்கியதில்லை. தகுதி என்று ஒன்று வேண்டாமா? பிழையைக் கண்டும் காணாமல் போகிறவன் அந்தப் பிழையில் பாதிக்குச் சொந்தக்காரன். இதை நான் உங்களுக்காகவும் சொல்கிறேன். உங்கள் சட்டையில் இரண்டாவது பொத்தான் மூன்றாவது துளையில் இருக்கிறது. ஆம், அதுதான். இப்போது சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிக்கு ஒரு பெண்மணி ஏறி வந்தார். பெயர் தெய்வானை. பொள்ளாச்சியில் தையற்கடை வைத்திருக்கிறார், ஐம்பது வயதிருக்கும். துணிப்பையிலிருந்து ஒரு காரை எடுத்து மேசைமேல் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன் ஐயா.

அமெரிக்கக் கார். என் பள்ளிப் பருவத்தில் விற்பனைக்கு வந்த பெட்டி. நாட்டிலேயே பத்து இருந்தால் அதிகம். அதை ஒரு மனிதர் சுவருக்கு அடிக்கும் தூரிகையால் சாம்பல் வண்ணம் பூசி வைத்திருந்தார். வண்ணத்துக்குள் தூரிகை மயிர்கள் ஒட்டிக்கிடந்தன. பானெட்டின் மேல் பசை வழிந்து உறைந்திருந்தது. இவற்றைக்கூட மன்னிப்பேன். ஸ்டியரிங்! அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம்? இடப்பக்கம். இவர் பிளேடைச் சூடாக்கி, டாஷ்போர்டை இரண்டாக அறுத்து, ஸ்டியரிங்கைத் தூக்கி வலப்பக்கம் நட்டிருக்கிறார்!

“யாரம்மா இந்தக் கொலையைச் செய்தது?” என்று கேட்டேன்.

“எங்கப்பாருங்க. பேரு நாச்சிமுத்து. வால்பாறை எஸ்டேட்டுல தொரைக்கு டிரைவரா இருந்தாருங்க. தொரை ஊருக்குப் போறப்ப இந்தப் பொட்டியக் குடுத்துட்டுப் போனாராமா. அந்த வருசம் மழைல ரோடு சரிஞ்சு போயி, வேலையில்லாம ஒரு மாசம் கார் செட்டுல உக்காந்து செஞ்சாருங்க.”

“சரி. இப்போது என்ன வேண்டும்?”

“ஒரு சக்கரம் கழண்டுருச்சுங்க. பசை போட்டு ஒட்டுனா நிக்குது, ஆனா உருள மாட்டேங்குது. உருளோணுமுங்க. அவ்வளவுதான்.”

பிறகு காரணம் சொன்னார். அந்த நாச்சிமுத்துவுக்கு எண்பத்து நான்கு வயது. நினைவு தேய்ந்துவிட்டது. மகளைச் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. ஆனால் தினமும் நான்கு மணித் தேநீருக்குப் பிறகு இந்தக் காரைக் கையில் எடுத்து, கட்டிலின் ஓரச் சட்டத்தில் வைத்து ஓட்டத் தொடங்குவாராம். ஆழியாரில் புறப்பட்டு வால்பாறைக்கு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டே ஏறுவாராம். மேலே சேர்ந்து, துரையை இறக்கிவிட்ட பிறகுதான் சாப்பிடுவார். வண்டி போய்ச் சேராவிட்டால் உணவு இறங்காது.

“இன்னிக்கு மூணாவது நாளுங்க. பிசைஞ்சு ஊட்டுனா துப்பிப்போடறாருங்க” என்றார் அந்த அம்மையார்.

இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

இங்கே உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். ஒருவன் காலில் தைத்த முள்ளை எடுக்க வைத்தியரிடம் போனான். வைத்தியர் பார்த்தார்: இவனுக்கு ஒரு கண்ணில் திரை விழுந்திருக்கிறது. முள்ளோடு விட்டாரா? விடவில்லை. திரையையும் நீக்கி, கோணல் பல்லையும் நிமிர்த்தி, முகத்து மருவையும் அகற்றி அனுப்பினார். அவன் அந்த வைத்தியரைக் கும்பிட வேண்டுமா, திட்ட வேண்டுமா? என்ன கேட்டீர்கள்? முள்ளை எடுத்தாரா என்றா? கதையின் சாரம் அதுவல்ல ஐயா. நீங்கள் விளிம்பையே பார்க்கிறீர்கள்.

சக்கரம் பத்து நிமிட வேலை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கார் என் மேசைமேல் நின்று, “என்னைப் பார்த்துவிட்டும் இப்படியே அனுப்புவாயா?” என்று கேட்டது. எழுபது வாகனங்களை ஒரே நாளில் திருப்பி அனுப்பிய கை இது. மனம் கேட்கவில்லை. காரைக் குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டில் ஓர் இரவு வைத்தேன். பழைய பசை குளிரில் நொறுங்கும்; பிரிப்பது எளிது. பிரித்ததும் உடற்கூட்டை பிரேக் ஆயிலில் நான்கு நாள் ஊறவிட்டேன். சாம்பல் வண்ணம் பாம்புச்சட்டை போலக் கழன்றது. அறுத்த டாஷ்போர்டை எறிந்துவிட்டு இடப்பக்க ஸ்டியரிங்கோடு புதிது செய்து பொருத்தினேன். பெட்டியின் மேலட்டைப் படம் ஒன்று எங்கள் சங்கத்துக் கோப்பில் இருந்தது. அந்தப் படம்தான் எனக்குச் சட்டம். அதில் உள்ளபடியே செந்நிறம், ஏழு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் உலர வேண்டும் அல்லவா?

இருபத்து மூன்று நாள் ஆயிற்று. அந்த அம்மையார் நான்கு முறை தொலைபேசினார். “ஏனுங்க சார், ஆச்சுங்களா? கஞ்சித்தண்ணி மட்டுந்தான் எறங்குது, அப்பாரு எலும்பா போயிட்டாருங்க.” நான் பொறுமையாகச் சொன்னேன்: “அம்மா, வண்ணம் உலரும் வேகத்தை உங்கள் தந்தையின் பசி தீர்மானிக்க முடியாது.” உண்மைதானே? ஆனால் உண்மையைச் சொல்கிறவனிடம் இந்நாட்டில் தொலைபேசியைப் பாதியிலேயே வைத்துவிடுகிறார்கள்.

முடித்து அனுப்பினேன். கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் அந்தச் செந்நிறத்தில் பார்க்கலாம். நன்றிக் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது தொலைபேசி.

“சார், அப்பாரு வாங்கிப் பாத்தாருங்க. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ‘யாரு வண்டி கண்ணு இது? டிரைவரு சீட்டுல ஸ்டியரிங்கையே காணோம். ஸ்டியரிங் இல்லாத வண்டிய மலையேத்தச் சொல்றியா, தொரைய சாவடிக்கோணுமா?’ன்னு கேட்டுட்டுத் தள்ளி வெச்சுட்டாருங்க.”

“அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள் அம்மா.”

“சொல்றனுங்க” என்றார். அந்தக் குரலில் நன்றி இல்லை. பிறகு, “எங்கப்பாரு அறுத்த அந்தத் துண்டாவது வெச்சிருக்கீங்களா?” என்றார்.

“குப்பையை நான் சேர்த்து வைப்பதில்லை” என்றேன்.

அந்த அம்மையார் சொல்லிக் கேள்விப்பட்டு, மறுநாள் ஹபீபுல்லா அழைத்தார். அவருக்கு எதிலும் கேலி. “திருவேங்கடம் சார், நம்ம சட்டப்படி இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்குப் பின்னாடி அதைப் பெருசா எழுதணுமே, எழுதிட்டீங்களா? இல்லேன்னா எஃப்.சி. தகுதிச் சான்று கிடையாதுன்னு நீங்கதானே விரட்டுவீங்க?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “சார், அந்தம்மா மாடியேறி நம்மள நம்பி வந்தாங்க. ஒரு மனுசன் சோறு திங்கறது இதுல இருக்கு. நீங்க இதைச் சரி பண்ற வரைக்கும் நடுவர் நாற்காலில உக்கார வேண்டாம். பதிமூணு பேரும் சொல்லிட்டோம்.”

பதிமூன்று பேர் ஐயா. ஒரே குரலில். ஒன்பது ஆண்டுகளாக அவர்களை உயர்த்துவதற்காக நான் மறுத்த பரிசுகளை அவர்கள் மறக்கவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

கலங்கினேனா? இல்லை. கடமையில் இறங்கினேன். பெங்களூரில் ஒருவரிடம் அதே காரின் பிரிக்காத பெட்டி இருந்தது. என்னிடமிருந்த இரண்டு அரிய கார்களைக் கொடுத்து அதை வாங்கினேன். பணி தொடங்கும் முன் எதையும் படமெடுத்து வைப்பது என் வழக்கம். நாச்சிமுத்துவின் காருக்கு அறுபது படங்கள் இருந்தன. அந்தப் படங்களை அருகில் வைத்துக்கொண்டு, அவர் செய்த ஒவ்வொரு தவற்றையும் திருப்பிச் செய்தேன். பிளேடைச் சூடாக்கி டாஷ்போர்டை அறுத்தேன். சாம்பல் வண்ணத்தில் பதிக்க என் சவரத் தூரிகையிலிருந்து மயிர் பிடுங்கினேன். மொத்தம் பதினொன்று, அவர் காரில் இருந்தபடியே. பானெட்டின் மேல் பசையை வழியவிட்டேன். முதல்முறை வழிந்தது அரை மில்லிமீட்டர் அதிகம். துடைத்துவிட்டு மறுபடி வழியவிட்டேன்.

என் மனைவி அலமேலு காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். “முப்பத்தெட்டு வருஷத்துல நீங்க ஒரு தப்பைத் தெரிஞ்சே பண்றது இப்பத்தான் பாக்கறேன். அதையும் அளந்துதான் பண்றீங்க” என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரம். இடையில் அவர்களை அழைத்துப் பேசினீர்களா என்கிறீர்களா? வேலையின்போது நான் யாருடனும் பேசுவதில்லை.

இதை எடுத்துக்கொண்டு போய், “உங்கள் பழைய காரையே மீட்டுவிட்டேன்” என்று சொல்வதாக இருந்தேன். அது பொய்யல்லவா என்று உங்கள் முகம் கேட்கிறது. இரண்டு குடங்களில் ஒரே கிணற்றுத் தண்ணீர் இருந்தால்... சரி, அந்தக் கதை வேண்டாம். நீங்கள் மறுபடி முள்ளைப் பற்றிக் கேட்பீர்கள்.

இன்று நான்கு மணி தாண்டிப் போய்க் கதவைத் தட்டினேன். தெய்வானை அம்மையார் திறந்தார். கழுத்தில் அளவு நாடா. “ஏனுங்க, போன் பண்ணிட்டு வரக்கூடாதுங்களா?” என்றவர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும், “வேண்டாமுங்க சார். இனி எதையும் ரிப்பேர் பண்ணாதீங்க” என்றார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையில் என் செந்நிறக் கார். ஓட்டிக்கொண்டிருந்தார் ஐயா! “அஞ்சு... ஹாரன்... ரெண்டாவது கியரு...” என்று முணுமுணுத்தபடி.

அருகே போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வலப்பக்கத்தில், என் ஏழு பூச்சுச் செந்நிறக் காருக்குள், ஒரு சட்டைப் பொத்தான் ஒட்டியிருந்தது! நான்கு துளை, வெள்ளைப் பொத்தான். கடையில் விற்கும் ஐந்து ரூபாய்ப் பசை. அந்தப் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துவிடும் என்று எங்கள் துறையில் தொடக்க நிலை மாணவனுக்கும் தெரியும். முன்கண்ணாடி முழுவதும் பனி மூடியதுபோல் வெளுத்துப் போயிருந்தது.

“நீங்க குடுத்தனுப்புன மறுநாளே நாந்தான் ஒட்டுனனுங்க” என்றார் மகள். “ஸ்டியரிங் கெடைச்சிருச்சுன்னு எடுத்துக்கிட்டாரு. கண்ணாடி வெளுத்துப் போச்சேன்னு பயந்தேன். ‘மேல ஒரே பனி கண்ணு, லைட்டப் போட்டுட்டுப் போறேன்’னாருங்க. அன்னைக்கே ரெண்டு தோசை தின்னாரு.”

ஆறு வாரம்! நான் மயிர் மயிராக நட்டுக்கொண்டிருந்த ஆறு வாரமும் அவர் பொத்தானைப் பிடித்து மலையேறிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

இருந்தாலும் பெட்டியைத் திறந்து இந்தச் சாம்பல் காரைப் பெரியவர் கையில் வைத்தேன். “பாருங்கள், உங்கள் வண்டி” என்றேன். அவர் கட்டைவிரலால் பானெட்டைத் தடவினார். பசை வழிந்த இடத்தில் விரல் நின்றது. மோந்து பார்த்தார். பிறகு என்னிடமே நீட்டினார்.

“நல்லாருக்குதுங்க. ஆனா இதுல ஆரும் ஏறுனதே இல்லீங்களே.”

வாங்கிக்கொண்டேன். “நீங்க ஆருங்க?” என்று கேட்டார். மோட்டார் வாகன ஆய்வாளர், ஓய்வு, என்றேன். அவ்வளவுதான். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பிரேக் இன்ஸ்பெக்டருங்களா! கண்ணு, ஐயாவுக்குத் தண்ணி குடு. வண்டி கண்டிசனா இருக்குதுங்க. ஓட்டிக் காட்டட்டுங்களா?”

மரியாதை தெரிந்த மனிதர். தலையசைத்தேன். கட்டில் சட்டத்தில் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு, திரும்பி, மறுபடி கால்மாட்டுக்கு என்று ஏறத் தொடங்கினார். சும்மா சொல்லக்கூடாது, கை நடுங்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் எண். பதினைந்து. பதினாறு. பதினேழு. பிறகு, பதினேழு!

நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்கள். நான் விடவில்லை. “பெரியவரே, பதினேழு ஏற்கெனவே வந்துவிட்டது. இது பதினெட்டு” என்றேன்.

கார் நின்றது. அந்த அம்மையார் கதவோரம் நின்று தலையில் கைவைத்துக்கொண்டார். “ஐயோ சார், நடுவுல நிறுத்துனா சாப்பிட மாட்டாருங்களே!”

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும் ஐயா. நான் முப்பத்தோர் ஆண்டுகள் பிறரைப் பார்த்த பார்வை. காரை என் கையில் வைத்தார்.

“ரோடு உங்களுக்கு நல்லாத் தெரியும் போலிருக்குதுங்க. நீங்களே ஓட்டுங்க. தொரை உள்ள இருக்காரு, பாத்து.”

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதரின் சாப்பாடு. வேறு வழி? முட்டி போட்டு அமர்ந்து, என் கையால் அந்தப் பொத்தான் வண்டியை ஓட்டினேன்.

“ஹாரன்!” என்றார். வண்டியில் ஹாரன் இல்லை என்றேன். “வாயில்லயா?” என்றார். வாயால் அடித்தேன் ஐயா. இருபத்து நான்காம் வளைவில், “எதுக்கால பஸ்ஸு வருது, ஒதுங்குங்க” என்றார். மலைப்பாதையில் மேலே ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, அது விதி என்றேன். “பஸ்ஸுக்கு விதியச் சொல்லுங்க. பின்னால யானை நிக்குதே, அதுக்கு ஆரு சொல்லுவா?” என்றார். யானைக்காக ஏழு நிமிடம் நிறுத்திவைத்தார். எஞ்சினை அணைக்கச் சொன்னார். முழங்கால் வலித்தது. கொஞ்சம் நகர்ந்து உட்காரக் கையைத் தூக்கினேன். வண்டியும் சட்டத்தை விட்டு மேலே எழும்பிவிட்டது.

“அடப்பாவி! பள்ளத்துல எறக்கிட்டியேடா!” என்று கத்தினார். ‘ங்க’ போய்விட்டது. “தொரை உள்ள இருக்காருங்கறேன். உனக்கு எவன்டா லைசென்சு குடுத்தது?”

கிரேன் வரவழைத்து வண்டியை மேலே எடுத்தோம். கிரேனாக இருந்தவர் தெய்வானை. சிரித்துச் சிரித்து அந்த அம்மையாரின் கண்ணில் நீர். மகளைப் பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், “தெய்வானை, மெதுவாத் தூக்கு கண்ணு” என்று. கொஞ்ச நாளாகப் பெயர் வாயில் வரவில்லையாம். மீதி வளைவுகளையும் நானே ஓட்டினேன். நாற்பதையும் ஒழுங்காக எண்ணினேன். மேலே சேர்ந்ததும் அவர் கட்டிலோரம் குனிந்து துரைக்குக் கதவு திறந்துவிட்டார். பிறகு மூன்று இட்லி சாப்பிட்டார். நான் நான்கே முக்கால் பேருந்தைத் தவறவிட்டேன்.

நான் கிளம்பும்போது பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னை நிறுத்தித் தீர்ப்புச் சொன்னார்:

“பெயிலு. கிளச்சுல காலு நிக்கல, கண்ணு ரோட்டுல இல்ல, எதுக்கெடுத்தாலும் வாய் பேசற. அடுத்த வியாழக்கிழமை வா, பாக்கலாம்.”

என்னை, ஐயா! ஆயிரமாயிரம் பேருக்கு உரிமம் வழங்கியவனை! அவர் சொன்ன மூன்றில் கிளச்சை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்த வண்டிக்குக் கிளச்சே கிடையாது. அதை அவரிடம் நேரில் நிரூபித்தாக வேண்டும்.

நீங்கள் இந்தத் தடத்தில் அடிக்கடி வருகிறவரா? வியாழக்கிழமை நான்கு மணிக்கு முன்னால் பொள்ளாச்சி சேர வேண்டும் என்றால், உக்கடத்தில் எந்த வண்டிக்கு நிற்க வேண்டும்?